ஒரே சொல், ஒன்பது செவிகள்: போர்த்துக்கீசிய மொழி நாடுகளோடு பெய்ஜிங் பேசும் விதம்

2024 நவம்பர் 20 அன்று பிரேசிலியாவின் அல்வொராடா அரண்மனையில் பிரேசில் அதிபர் லூலாவும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் முன்னிற்க 37 ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. உலகச் செய்திகளில் அன்று ஓடிய கேள்வி ஒன்றுதான்: சாலை, ரயில், துறைமுகம் வழியே நாடுகளைத் தன்னோடு இணைக்கச் சீனா நடத்தும் ‘பட்டுப்பாதைத் திட்டத்தில்’ பிரேசில் சேர்ந்ததா, இல்லையா?

இரண்டு பதிலுக்கும் ஆதாரம் ஒரே தாளில் இருந்தது. சீன மொழிப் பிரதியில் இருக்கும் வினை ‘துய்ஜியே’. இரண்டு முனைகளை நேருக்கு நேர் கொண்டுவந்து பொருத்துவது என்று பொருள். விண்கலம் விண்நிலையத்தோடு இணைவதற்கும் சீனர்கள் இதே சொல்லைத்தான் சொல்வார்கள். போர்த்துக்கீசியப் பிரதியில் அந்த இடத்தில் ‘சினர்ஜியா’ நிற்கிறது. அதில் எதுவும் எதோடும் பூட்டப்படுவதில்லை; இரண்டு தனி முயற்சிகள் ஒன்றுக்கொன்று உதவிக்கொள்ளும், அவ்வளவே. லூலாவின் ஆலோசகர் செல்சோ அமொரிம் முந்தைய மாதமே சொல்லிவிட்டார்: முக்கியச் சொல் சினர்ஜியா, நாங்கள் எதிலும் உறுப்பினராகச் சேரவில்லை. எனவே பெய்ஜிங் தன் மக்களிடம் ‘பிரேசிலின் வளர்ச்சித் திட்டங்கள் பட்டுப்பாதையோடு இணைந்தன’ என்று எழுத முடிந்தது. பிரேசிலியா தன் மக்களிடம் ‘சேரவில்லை’ என்று சொல்ல முடிந்தது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

போர்த்துக்கீசிய மொழி நாடுகளோடு சீனா நடத்தும் பேச்சு முழுவதையும் பிரித்துப் பார்க்க இந்த ஒரு சொல் நல்ல சாவி. (சாவியே போர்த்துக்கீசியர் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன சொல்.) பெய்ஜிங் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே வாக்கியங்களைத்தான் நீட்டுகிறது. வாங்குகிற நாடு அதில் எத்தனை சொல்லைத் திருத்துகிறது என்பதில்தான் அதன் பலம் தெரிகிறது. பிரேசில் திருத்துகிறது. போர்த்துகல் சத்தமில்லாமல் திருத்துகிறது. தீவு நாடுகள் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொள்கின்றன.

சூத்திரம் எங்கே தயாராகிறது

சீன அரசின் மொழியில் ‘தீஃபா’ என்று ஒன்று உண்டு. ஒரு கொள்கையைக் குறிக்க மேலிடம் முடிவு செய்த சொற்றொடர் அது. அமைச்சரானாலும் தூதரானாலும் அதை மாற்றிச் சொல்லக்கூடாது. ‘மனிதகுலத்துக்கான பகிர்ந்த எதிர்காலச் சமூகம்’, ‘பரஸ்பர நன்மை, இரட்டை வெற்றி’, ‘ஒரே சீனக் கொள்கை’ எல்லாம் இந்த வகை. சீன மொழியில் இவை கல்வெட்டு. போர்த்துக்கீசியத்துக்கு வரும்போதுதான் கல் உருகத் தொடங்குகிறது.

ஏனென்றால் போர்த்துக்கீசியம் ஒன்று அல்ல. பிரேசிலில் பட்டுப்பாதைத் திட்டத்தின் பெயர் ‘சிந்துராவ்’, அதாவது இடுப்புப் பட்டை. லிஸ்பனிலும், 1999 வரை போர்த்துகல் ஆண்ட சீன நகரமான மக்காவுவிலும் அதுவே ‘ஃபைஷா’, அதாவது பட்டையான துணி அல்லது நிலத்துண்டு. ‘பகிர்ந்த’ என்பதற்குப் பிரேசிலியர் ‘கொம்பார்த்திலாடு’ என்பார்கள், போர்த்துக்கீசியர் ‘பார்த்திலாடு’ என்பார்கள். ஒரே சீனச் சொற்றொடர் இரண்டு உடைகளில் உலவுகிறது. ஒரு வாசகத்தில் எந்த உடை இருக்கிறது என்று பார்த்தாலே வரைவு எந்தக் கரையில் மெருகேறியது என்பதை ஓரளவு ஊகிக்கலாம். ஆப்பிரிக்க நாடுகளுக்கும் கிழக்குத் திமோருக்கும் போகும் வாசகங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வழக்கை ஒட்டியிருக்கும். சீன அரசுச் செய்தி நிறுவனமான ஷின்ஹுவாவின் போர்த்துக்கீசியச் சேவையில் பிரேசில் வாடை தூக்கலாக வீசும்.

சூத்திரமே காலத்தோடு மாறுவதும் உண்டு. ‘பகிர்ந்த எதிர்காலம்’ என்று இன்று சொல்லப்படுவது முன்பு ‘பொதுவான விதி’ என்றே மொழிபெயர்க்கப்பட்டது. சீன மூலத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மொழிபெயர்ப்பு மட்டும் ‘விதி’யிலிருந்து ‘எதிர்காலத்துக்கு’ நகர்ந்தது. விதி என்றால் தப்பிக்க வழியில்லை, எதிர்காலம் என்றால் வாக்குறுதி. வேறு நாட்டுக்காரரின் காதில் எது இதமாக விழும் என்பது சொல்லாமலே விளங்கும்.

மக்காவு: வரலாற்றைக் கழற்றி வைக்கும் கூடம்

ஒன்பது நாடுகளையும் சேர்த்து ஒரே குரலில் பேசச் சீனா வைத்திருக்கும் இடம் மக்காவு மன்றம். 2003 அக்டோபரில் தொடங்கியது. அப்போது ஏழு நாடுகள்: அங்கோலா, பிரேசில், கேப் வெர்டி, கினி-பிசாவு, மொசாம்பிக், போர்த்துகல், கிழக்குத் திமோர். சாவோ டொமே பிரின்சிப்பே 2017 மார்ச்சில் சேர்ந்தது, ஈக்குவடோரியல் கினி 2022இல். அமைச்சர்கள் மாநாடு 2003, 2006, 2010, 2013, 2016 என்று மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடந்தது. பிறகு ஒரு நீண்ட இடைவெளி: 2022 ஏப்ரலில் காணொளியில் ஒரு சிறப்புக் கூட்டம், முழு மாநாடு 2024 ஏப்ரலில்தான்.

இந்த மன்றத்தைப் பற்றி முதலில் கவனிக்க வேண்டியது, இதை நடத்துவது சீன வணிக அமைச்சகம். வெளியுறவு அமைச்சகம் அல்ல. அரசியல் பேசப் போர்த்துக்கீசிய மொழி நாடுகளுக்கு 1996இல் லிஸ்பனில் தொடங்கிய சொந்தக் கூட்டமைப்பு இருக்கிறது. சீனா அதற்குள் நுழையவில்லை. பக்கத்தில் வணிகத்துக்கு என்று தனிப் பந்தல் போட்டது.

ஏன் மக்காவு என்பதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் உண்டு: நானூற்றுச் சொச்சம் ஆண்டு போர்த்துக்கீசிய ஆட்சி, மக்காவுவின் அடிப்படைச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் போர்த்துக்கீசியத்துக்கு ஆட்சிமொழித் தகுதி, அதே மொழியின் வழிவந்த சட்ட முறை. எங்கள் பார்வையில் அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அந்தக் கூடத்தில் போர்த்துகலும் அதன் பழைய குடியேற்ற நாடுகளும் ஒரே மேசையில் உட்கார்கின்றன. மொசாம்பிக்கிடம் தனியாகப் பேசும்போது சீனா ‘குடியேற்ற ஆதிக்கத்துக்கு எதிராகத் தோளோடு தோள் நின்றோம்’ என்று தொடங்கலாம். அந்த ஆதிக்கம் யாருடையது? அடுத்த நாற்காலியில் இருப்பவருடையது. போர்த்துகலிடம் தனியாகப் பேசும்போது ‘வரலாறு விட்டுச்சென்ற மக்காவுப் பிரச்சினையை நட்பான கலந்துபேசலால் தீர்த்தோம்’ என்று 1987 கூட்டறிக்கையையும் 1999 டிசம்பர் 20ஐயும் பாராட்டலாம். இரண்டையும் ஒரே மேடையில் சொல்ல முடியாது.

ஆகவே மக்காவு வாசகங்களில் வரலாறு கழற்றி வைக்கப்படுகிறது. மிஞ்சுவது மொழியும் வணிகமும். அங்கே ஓயாமல் ஒலிக்கும் சொல் ‘பிங்தாய்’, போர்த்துக்கீசியத்தில் ‘பிளத்தஃபோர்மா’, நம் மொழியில் மேடை. மேடைக்குக் கடந்த காலம் கிடையாது. அதன் மேல் நிற்பவர் யாருக்கும் கடமையும் கிடையாது. 2011இல் தொடங்கிய சீனாவின் 12ஆவது ஐந்தாண்டுத் திட்டத்திலேயே மக்காவுவுக்கு இந்தப் பட்டம் எழுதப்பட்டது. சூதாட்ட வருமானத்தை மட்டும் நம்பியிருக்கும் நகருக்கு வேறொரு வேலை கொடுப்பதும் இதன் உள்நோக்கம். அதாவது இந்தப் பேச்சின் பாதி, மக்காவுவை நோக்கிய உள்நாட்டுப் பேச்சு.

போர்த்துக்கீசிய மொழி உலகைக் குறிக்கும் ‘லுசோஃபோனியா’ என்ற சொல்லைப் பெய்ஜிங் தவிர்ப்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘லுசோ’ என்ற முன்னொட்டில் போர்த்துகல் நடுவில் நிற்கிறது. ஆப்பிரிக்காவில் பலருக்கு அது கசப்பு. சீனாவின் வழக்கு ‘பூயூ குவோஜியா’, போர்த்துக்கீசிய மொழி பேசும் நாடுகள். ஒரு பட்டியல்போல உலர்ந்த பெயர். அந்த உலர்ச்சிதான் வசதி. மக்காவுவில் 1998 முதல் நடக்கும் விழாவுக்குப் போர்த்துக்கீசியப் பெயரில் லுசோஃபோனியா உண்டு, சீனப் பெயரில் அது இல்லை.

எண்களைப் படிக்கும் விதம்

மன்றத்தின் சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள தூரத்தை அளக்க, அறிவித்த தொகைகளைப் பின்தொடர்வது நேர்வழி. 2010இல் பிரதமர் வென் ஜியாபாவோ 100 கோடி டாலர் கூட்டுறவு வளர்ச்சி நிதியை அறிவித்தார். அது பதிவானது 2013 ஜூனில். முதல் கட்டமாக உள்ளே வந்தது 12.5 கோடி டாலர். சீன வளர்ச்சி வங்கியும் மக்காவுவின் தொழில் வணிக வளர்ச்சி நிதியும் பணம் போட்டன. நிதியின் தலைமையகம் மக்காவுவுக்கு வந்தது 2017இல்.

சிக்கல் நிதியின் அமைப்பிலேயே இருந்தது. இது நன்கொடை அல்ல, பங்கு முதலீடு. ஒரு திட்டத்துக்குப் பொதுவாக 50 லட்சம் முதல் 2 கோடி டாலர் வரை என்பது அளவு. லாபம் காட்டும் கணக்குப் புத்தகம் வேண்டும், வெளியேறும் வழி வேண்டும், கூடவே சீன அல்லது மக்காவு நிறுவனம் ஒன்று வேண்டும். பிசாவுவிலோ சாவோ டொமேயிலோ இருக்கும் முந்திரி வியாபாரிக்கும் மீன் பதப்படுத்துபவருக்கும் இந்த அளவில் திட்டமே இருக்காது. மேடையில் ‘சிறு, நடுத்தர நிறுவனங்கள்’ என்று பேசப்பட்டது. நிதியின் வாசலோ பெரிய ஆளுக்கு ஏற்ற உயரத்தில் இருந்தது. முதலில் உள்ளே வந்தவற்றில் ஒன்று மொசாம்பிக்கின் ஷாய்-ஷாய் அருகே லிம்போப்போ ஆற்றுப் படுகையில் வான்பாவ் நிறுவனத்தின் நெல் பண்ணை, 20,000 ஹெக்டேர் குத்தகை. 2013 ஜனவரி வெள்ளம் அங்கே விளைச்சலை அடித்துக்கொண்டு போனது. நிலம் இழந்த உள்ளூர் உழவர்களின் எதிர்ப்பும் தொடர்ந்தது. ‘இரட்டை வெற்றி’ என்ற சூத்திரத்தில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிலத்துண்டு கிடைக்காது.

2013இல் 180 கோடி யுவான் சலுகைக் கடன். 2016இல் பிரதமர் லி கெச்சியாங் அறிவித்த 18 நடவடிக்கைகளில் குறைந்தது 200 கோடி யுவான் நன்கொடை, குறைந்தது 200 கோடி யுவான் சலுகைக் கடன், தவணை முடிந்த வட்டியில்லாக் கடனில் 50 கோடி யுவான் தள்ளுபடி. இந்த எண்களை எடுத்து எழுதுபவர்கள் வழக்கமாக இரண்டு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். முதலாவது, இவை ‘ஆசிய, ஆப்பிரிக்க உறுப்பினர்களுக்கு’ மட்டும் என்ற அடைமொழியை விட்டுவிடுவது. பிரேசிலும் போர்த்துகலும் இதில் கிடையாது. இரண்டாவது, யுவானை டாலராக எழுதிவிடுவது. அன்றைய விலையில் அது ஆறு ஏழு மடங்குப் பிழை.

வணிகத் தொகையையும் அப்படியே நம்பக்கூடாது. 2003இல் சுமார் 1,100 கோடி டாலராக இருந்த சீனா–போர்த்துக்கீசிய மொழி நாடுகள் வணிகம் 2023இல் ஏறக்குறைய 22,000 கோடி டாலர் என்று மன்றம் பெருமையோடு காட்டும். எண் சரிதான். ஆனால் அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பிரேசிலோடு நடப்பது; அதிலும் பெரும்பகுதி பிரேசிலின் சோயா, இரும்புத் தாது, கச்சா எண்ணெய், மாட்டிறைச்சி. எண்ணெய் விற்கும் அங்கோலாவோடு நடப்பதையும் சேர்த்தால் பத்தில் ஒன்பது தாண்டிவிடும். மக்காவுவில் ஒரு மேசையும் போடாமல் இருந்திருந்தாலும் இந்தக் கப்பல்கள் ஓடியிருக்கும்.

நினைவின் தேர்வு

தனித்தனி நாடுகளோடு பேசும்போது வரலாறு திரும்பி வருகிறது, சலித்து எடுத்ததாக. மொசாம்பிக் விடுதலை பெற்ற அதே நாளில், 1975 ஜூன் 25இல், சீனா தூதரக உறவு கொண்டது. அங்கே விடுதலைக்குப் போரிட்ட ஃப்ரெலிமோ இயக்கத்துக்குப் போர்க்காலத்தில் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்திருந்தது. அங்கே ‘பாரம்பரிய நட்பு’ என்பதற்குக் கையில் சான்று இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த 680 மீட்டர் நடு இடைவெளி கொண்ட மாப்புட்டோ–கட்டெம்பே தொங்கு பாலமும் (2018) அந்தப் பேச்சின் நீட்சியாகவே காட்டப்படுகிறது, சீனாவின் எக்ஸிம் (ஏற்றுமதி-இறக்குமதி) வங்கிக் கடனில் கட்டியது என்றாலும்.

அங்கோலா வேறு. 1975 நவம்பரில் விடுதலை. சீன உறவு 1983 ஜனவரி 12இல்தான். இடையில் ஏழு ஆண்டு ஏன்? தலைநகர் லுவாண்டாவைப் பிடித்த எம்பிஎல்ஏ இயக்கம் மாஸ்கோவின் பக்கம். சீனா அதன் எதிரிகளான எஃப்என்எல்ஏ, யுனிடா பக்கம் உதவியிருந்தது. இன்றைய கூட்டறிக்கைகளில் இந்த அத்தியாயம் கிடையாது. 2004இல் எக்ஸிம் வங்கியின் 200 கோடி டாலர் கடன் முதல், எண்ணெயைப் பிணையாக வைத்த கடன்கள் வழியே, ‘போருக்குப் பின் மறுகட்டுமானத்தில் கைகொடுத்த நண்பன்’ என்று கதை புதிதாகத் தொடங்குகிறது. இரண்டு தரப்புக்கும் மறதி லாபம். எனவே யாரும் திருத்துவதில்லை. 2024 மார்ச்சில் அங்கோலா அதிபர் ஜுவாவ் லோரென்சு பெய்ஜிங் போனபோது உறவு ‘முழுமையான மூலோபாயக் கூட்டுறவுப் பங்காளி’ என்று உயர்ந்தது. லுவாண்டாவுக்கு உண்மையில் வேண்டியிருந்தது சீன வளர்ச்சி வங்கியின் பிணைக் கணக்கில் முடங்கிய பணம். மாதம் 15 முதல் 20 கோடி டாலர் வரை எடுத்துக்கொள்ள வழி பிறந்தது. பட்டம் முதல் பத்தியில், பணம் வேறு தாளில்.

பிரேசிலுக்கு விடுதலைப் போர்க் கதை பொருந்தாது. அங்கே தேநீர் வருகிறது. 2024 நவம்பர் 17இல் ஃபோல்யா டி சாவோ பாவுலோ நாளிதழில் ஷி ஜின்பிங் பெயரில் வந்த கட்டுரை, 200 ஆண்டுக்கு முன் சீனத் தேயிலை உழவர்கள் பிரேசில் சென்று பயிரிடக் கற்றுக்கொடுத்ததையும் 1873 வியன்னா கண்காட்சியில் பிரேசில் தேயிலை பாராட்டுப் பெற்றதையும் சொன்னது. பெரிய பயணத்துக்கு முன் விருந்தோம்பும் நாட்டின் முன்னணி நாளிதழில் இப்படி ஒரு கட்டுரை வருவது மாறாத வழக்கம். 2018 டிசம்பரில் போர்த்துகலின் தியாரியு டி நொத்திசியாஸில் வந்தது. இந்தக் கட்டுரைகளில் முதல் மூன்று பத்தி அலங்காரம் என்று தள்ளிவிடுபவர்கள் தவறு செய்கிறார்கள். எந்த வரலாற்றை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்பது அந்த மூன்று பத்தியில்தான் இருக்கிறது. (போர்த்துக்கீசியர் தேநீரை ‘ஷா’ என்பது காண்டனீசிலிருந்து மக்காவு வழியாகப் போனது, நம் தேயிலையின் ‘தே’ ஃபூஜியன் கரையிலிருந்து கிளம்பிய சொல். ஒரே இலை, இரண்டு துறைமுகம்.)

தைவான் பத்தி

ஒரு கூட்டறிக்கையில் ஒரே ஒரு பத்தி மட்டும் படிக்க நேரம் இருந்தால் தைவான் பத்தியைப் படியுங்கள். பிரேசில் 1974 ஆகஸ்ட் 15இல் உறவு தொடங்கியபோது, தைவான் தன் பகுதி என்று சீனா சொல்ல, பிரேசில் அந்த நிலைப்பாட்டை ‘கவனத்தில் கொள்கிறது’ என்று மட்டும் எழுதியது. ஏற்பும் இல்லை, மறுப்பும் இல்லை. 2023 ஏப்ரலில் லூலாவின் பயணத்தின்போது வந்த அறிக்கையில் ‘தைவான் சீன நிலப்பரப்பின் பிரிக்க முடியாத பகுதி’ என்று பிரேசில் தரப்பே சொல்கிறது. கூடவே, நாடுகளின் நில ஒருமைப்பாடு குறித்த ஐ.நா. சாசனக் கொள்கையையும் நீரிணையின் இரு கரை உறவுகளின் அமைதியான வளர்ச்சியையும் சேர்த்துக்கொண்டது. விட்டுக்கொடுத்ததும் தெரிகிறது, விளிம்பில் தன் தையலைப் போட்டதும் தெரிகிறது.

சாவோ டொமேக்கு அப்படித் தையல் போட இடமில்லை. 1997இல் தைவானோடு தூதரக உறவு கொண்டது; தைவானை ஏற்கும் நாட்டோடு பெய்ஜிங் உறவு வைக்காது. அதனால் மக்காவு மன்றத்தில் பார்வையாளராக மட்டும் வந்துபோனது. 2016 டிசம்பர் 20இல் தைவானை விட்டது. 26இல் பெய்ஜிங்கோடு உறவு. மூன்றே மாதத்தில் மன்றத்தில் முழு உறுப்பினர். அந்த நாடு வானளாவிய தொகை கேட்டது என்று தைவான் வெளியுறவு அமைச்சர் குற்றம் சாட்டினார். கினி-பிசாவுவும் 1990இல் தைவானுக்குப் போய் 1998இல் திரும்பியது. அரசியல் பேசாத வணிக மன்றம் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் நுழைவுச்சீட்டு எது என்பது இந்த வரிசையிலேயே இருக்கிறது.

சூத்திரம் உடைந்த நாள்

2020 மார்ச் 18. பிரேசிலின் அன்றைய அதிபரின் மகனும் நாடாளுமன்ற உறுப்பினருமான எதுவார்து போல்சொனாரு, பெருந்தொற்றுக்குச் சீனாவே காரணம் என்று ட்விட்டரில் எழுதினார். சீனத் தூதர் யாங் வான்மிங் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். தூதரகக் கணக்கு இன்னும் மேலே போனது: மயாமியிலிருந்து திரும்பியவருக்கு ‘மனக் கிருமி’ தொற்றிவிட்டது என்றது. சுத்தமான போர்த்துக்கீசியம், சுத்தமான ட்விட்டர் மொழி, தீஃபாவின் வாடையே இல்லை. மகனின் கருத்து அரசின் கருத்தல்ல என்ற பிரேசில் வெளியுறவு அமைச்சர் எர்னெஸ்து அராவுஜு, தூதரின் எதிர்வினை அளவு மீறியது என்றார்.

கவனிக்க வேண்டியது, தூதரகம் அடித்தது நபரை. ‘இரு நாட்டு மக்களின் நட்பு’ என்ற சூத்திரம் அந்த வசைக்குள்ளும் பத்திரமாக இருந்தது. அந்த நட்பையே கிருமி தொற்றுகிறது என்றுதான் வாக்கியம். பிரேசிலின் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த ஆண்டும் சீனாவுக்கே போனது. 2021 ஜனவரியில் கொரோனாவாக் தடுப்பூசியின் மூலப்பொருள் சீனாவிலிருந்து வரத் தாமதமானபோது, சீனாவோடு உறவைக் கெடுத்தவர் என்று மேலவையில் கோபம் அராவுஜு பக்கம் திரும்பியது. மார்ச் 29இல் அவர் பதவி விலகினார்.

திருத்தக் கற்றவர்கள்

பிரேசிலின் திருத்தத்தில் சினர்ஜியாவைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒன்று அதே 2024 அறிக்கையில் உண்டு. சீனாவின் ‘பகிர்ந்த எதிர்காலச் சமூகம்’ என்ற சூத்திரத்தைப் பிரேசில் ஏற்றது, வால் ஒன்றைக் கட்டி: ‘மேலும் நீதியான உலகுக்கும் மேலும் நிலைத்த கோளுக்குமான’. இந்த வால் பிரேசில் தலைமையேற்ற ஜி20இன் முழக்கம். சீனச் சூத்திரத்தின் நுனியில் லூலாவின் பெயர்ப்பலகை தொங்குகிறது.

போர்த்துகலின் வழி வேறு. 2018இல் பட்டுப்பாதைப் புரிந்துணர்வில் கையெழுத்திட்டது. கடன் நெருக்கடியில் 2011இல் மின் நிறுவனமான ஈடிபியின் 21.35 சதவீதத்தை 269 கோடி யூரோவுக்கு சீனாவின் ‘மூன்று பள்ளத்தாக்கு’ நிறுவனத்துக்கு விற்றது. 2023 மே மாதம் 5ஜி வலையமைப்பில் அபாயமான நாடுகளின் கருவிகளுக்குத் தடை போட்டபோது சீனா என்ற பெயரே அந்தத் தீர்மானத்தில் வரவில்லை. கையெழுத்தும் கலையவில்லை, கருவியும் வரவில்லை.

இந்த வாசகங்களைக் கையில் எடுப்பவருக்கு எங்கள் பழக்கத்தைச் சொல்கிறோம். ஆங்கிலப் பிரதியை ஒதுக்கிவையுங்கள். அது மூன்றாம் மொழி, இரண்டு தரப்பின் திருத்தமும் அதில் மழுங்கியிருக்கும். சீன, போர்த்துக்கீசியப் பிரதிகளைப் பக்கம் பக்கமாக வைத்து எழுவாயைத் தேடுங்கள். ‘இரு தரப்பும்’ என்றால் ஒப்புக்கொண்டது, ‘சீனத் தரப்பு’ என்றால் மற்றவர் கேட்டுக்கொண்டிருந்தார். 2021 முதல் சீனா கொண்டுவந்த உலக வளர்ச்சி, உலகப் பாதுகாப்பு, உலக நாகரிக முன்முயற்சிகளின் முன் நிற்கும் வினை ‘ஆதரிக்கிறது’ என்பதா, ‘பாராட்டுகிறது’ என்பதா என்று பாருங்கள். உறவின் பட்டத்தில் ‘கூட்டுறவு’ என்ற ஒரு சொல் இருக்கிறதா என்பதைத் தவறவிடாதீர்கள்: பிரேசில், போர்த்துகல், கிழக்குத் திமோர் பட்டத்தில் அது இல்லை, அங்கோலா, மொசாம்பிக் பட்டத்தில் உண்டு. ஆனால் பட்டத்தைப் பெரிதாக எடைபோட வேண்டாம். 1993இல் உலகிலேயே முதல் நாடாகப் பிரேசிலுக்கு ‘மூலோபாயப் பங்காளி’ என்று கொடுத்தபோது அது அரிய நாணயம். 2024 செப்டம்பரில் உறவுள்ள ஆப்பிரிக்க நாடுகள் அனைத்தையும் ஒரே நாளில் மூலோபாய நிலைக்கு உயர்த்தியபோது அது சில்லறையானது.

கடைசியாகப் பட்டியலுக்குள் வந்த ஈக்குவடோரியல் கினியில் மக்கள் பேசுவது ஸ்பானியமும் ஃபாங் போன்ற ஆப்பிரிக்க மொழிகளும். போர்த்துக்கீசியம் 2010இல் அரசாணையால் ஆட்சிமொழியானது. மக்காவுவில் அதன் பெயரும் ‘போர்த்துக்கீசிய மொழி நாடுகள்’ வரிசையில்தான் வாசிக்கப்படுகிறது.